5040-க்கு ஒரு பாடவேளை

ஆறாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

காரணிகள் பாடம் நடத்தும் நாட்களில் ஒரே ஒரு பாடவேளையை 5040 என்ற எண்ணுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கரும்பலகையில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டு, இது எந்தெந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபடும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்தப் பாடவேளைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பகு எண், பகா எண், காரணிச் செடி, மீ.பெ.கா., மீ.சி.ம. என்று அந்தப் பாடம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். பின்னங்களைக் கூட்டப் பொதுப் பகுதி வேண்டும், அதற்கு மீ.சி.ம. வேண்டும், அதற்குக் காரணிகள் வேண்டும். ஆகவே காரணி என்பது அடுத்த பாடத்துக்கான ஆயத்தம் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் அதைக் கடந்து போகிறார்கள். ஆனால் கணிதத்தில் 1859 முதல் விடை கிடைக்காமல் நிற்கும் மிகப் பெரிய கேள்வி ஒன்றை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த காரணிகளையும் கூட்டலையும் வைத்தே வாசல் வரை சென்று பார்த்துவிடலாம். அந்த வாசலில் நிற்கும் எண் 5040. அதனால்தான் வேறு எண்ணைச் சொல்லாமல் இதைச் சொல்கிறேன்.

முதலில் வகுப்பறையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 1, 2, 3, 4, 5, 6 வரை வகுபடுகிறது. 7-ஆல் வகுபடுமா என்று கேட்டால் பாதி வகுப்பு தயங்கும். வகுத்துப் பார்த்தால் 720 என்று சுத்தமாக வரும். 8, 9, 10 எல்லாவற்றாலும் வகுபடுகிறது. வகுத்தல் என்றாலே மீதி வந்து மிரட்டும் என்று பழகிப்போன பிள்ளைக்கு, பத்து முறை வரிசையாக மீதியில்லாமல் விடை வருவது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். பதினொன்றில் முதன்முறையாகத் தடுக்கும், மீதி 2. பன்னிரண்டில் மறுபடி வகுபடும்.

ஒரு காரணி கிடைத்தால் அதன் இணையும் கூடவே கிடைக்கிறது. 1-க்கு 5040, 2-க்கு 2520, 9-க்கு 560, 45-க்கு 112. இப்படி இணை இணையாக எழுதிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து கடைசியில் 70 × 72 என்ற இணையில் சந்திக்கும். மொத்தம் 30 இணைகள், 60 காரணிகள். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிட்டால் ஒரு குழு விட்டதை இன்னொரு குழு பிடிக்கும். எல்லாக் குழுக்களும் ஐம்பதைத் தாண்டிய பிறகு, இனி ஒன்றும் மீதமில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்புவார்கள். அங்கேதான் காரணிச் செடிக்கு உண்மையான வேலை வருகிறது.

5040 = 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 7. இதன் எந்தக் காரணியை எடுத்தாலும் அது இந்த எட்டு எண்களில் சிலவற்றைப் பொறுக்கிப் பெருக்கியதாகத்தான் இருக்கும். 2-ஐ ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முறை எடுக்கலாம். ஆக ஐந்து வழி. 3-க்கு மூன்று வழி. 5-க்கு இரண்டு, 7-க்கு இரண்டு. 5 × 3 × 2 × 2 = 60. தேடிக் கண்ட எண்ணிக்கையும் தேடாமல் கண்ட எண்ணிக்கையும் ஒன்றாகும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று போங்கள். ஒரு விடை ஏன் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பது அந்த வயதில் அடிக்கடி நடப்பதில்லை.

5040 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், 1 முதல் 7 வரை பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு 7 × 8 × 9 × 10-ஐயும் பெருக்கச் சொல்லுங்கள். இரண்டும் 5040-தான். பத்து வரை எல்லா எண்ணாலும் இது வகுபடுவது ஏன் என்பதற்கான விடை இந்த இரண்டு பெருக்கல்களுக்குள்ளேயே இருக்கிறது.

இனி இதன் அண்டை வீடுகள். முந்தைய எண் 5039 ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் விட்டால் வேறு காரணி கிடையாது. அடுத்த எண் 5041-க்கு மொத்தம் மூன்றே காரணிகள்: 1, 71, 5041. அது 71-இன் வர்க்கம். 2 காரணி, 60 காரணி, 3 காரணி என்று மூன்று எண்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அதன் அளவு கொஞ்சம்தான் மாறும், அதன் பெருக்கல் அமைப்போ முழுக்கக் கலைந்துபோகும். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இடையே உள்ள இந்த ஒட்டாத உறவுதான் எண் கணிதத்தின் கடினமான கேள்விகள் பலவற்றுக்கும் ஊற்று. மூன்று எண்களை வைத்து அதைக் காட்டிவிட முடிகிறது.

5041 ஒரு முழு வர்க்கம் என்பதில் ஒரு பழைய புதிர் ஒளிந்திருக்கிறது. 1 முதல் ஏதோ ஓர் எண் வரை பெருக்கி, அதோடு 1-ஐக் கூட்டினால் முழு வர்க்கம் கிடைக்குமா? நான்கு வரை பெருக்கினால் 24, ஒன்று கூட்ட 25, அது 5-இன் வர்க்கம். ஐந்து வரை பெருக்கினால் 120, ஒன்று கூட்ட 121, அது 11-இன் வர்க்கம். ஆறுக்கு 721, அது வர்க்கமில்லை. ஏழுக்கு 5041. அதற்குப் பிறகு? பிரான்சில் ஆன்றி புரோக்கார் 1876-இல் இந்தக் கேள்வியை எழுப்பினார். அதை அறியாமலே 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அதே கேள்வியை வாசகர்களுக்கு வைத்தவர் சீனிவாச ராமானுஜன். 4, 5, 7 ஆகிய மூன்றும் தெரியும், வேறு இருந்தால் கண்டுபிடியுங்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. 2000-ஆம் ஆண்டில் புரூஸ் பெர்ண்ட், வில்லியம் கால்வே இருவரும் கணினி கொண்டு நூறு கோடி வரை தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிறுவவும் இதுவரை யாராலும் முடியவில்லை. பெருக்கல், கூட்டல், வர்க்கம் மூன்றும் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கேள்வி முழுதாகப் புரியும். உலகத்தில் யாருக்கும் விடை தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது என்பதையே நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை கேள்விப்படுவதில்லை. அதை ஒரு முறையாவது அவர்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

5040-இன் காரணிகளை முதலில் எண்ணியவர்களில் ஒருவர் பிளேட்டோ. அவர் கடைசிக் காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' என்ற நூலில், கிரீட் தீவில் மூன்று முதியவர்கள் நடந்துகொண்டே ஒரு புது நகரத்தைத் திட்டமிடுகிறார்கள். நிலம் பெறும் குடும்பங்கள் எத்தனை இருக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போது 5040 என்று எண் சொல்லப்படுகிறது. காரணமும் கூடவே சொல்லப்படுகிறது: அந்த எண்ணுக்கு 59 பகுப்புகள் உண்டு, ஒன்று முதல் பத்து வரை இடைவிடாமல் வகுபடும். 5040 என்ற எண்ணையே சேர்க்காமல் எண்ணியதால் 59; நம் கணக்கில் 60. போருக்கு, வரிக்கு, நிலப் பங்கீட்டுக்கு, ஒப்பந்தங்களுக்கு என்று மக்களை எந்த விதமாகப் பிரித்தாலும் யாரும் மிச்சமாக நிற்கக்கூடாது என்பது திட்டம். நகரம் பன்னிரண்டு பிரிவுகளாகும். ஒவ்வொரு பிரிவிலும் 420 குடும்பங்கள். அந்த 420-உம் மறுபடி பன்னிரண்டால் வகுபடும். 1 முதல் 10 வரை வகுபடும் மிகச் சிறிய எண் 2520. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 210. அது மறுபடி பன்னிரண்டால் வகுபடாது. 5040-இல் இருக்கும் கூடுதல் 2-க்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது.

பதினொன்றால் வகுபடவில்லையே என்ற குறை பிளேட்டோவின் கண்ணிலும் பட்டிருக்கிறது. நூலின் பிற்பகுதியில் அதற்கு ஒரு வழி சொல்கிறார்: இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவிட்டால் போதும். 5038 = 11 × 458. உங்கள் வகுப்பில் பிள்ளைகள் பதினொன்றில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, ஏதென்சில் ஒருவர் ஏறத்தாழ 2,370 ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார் என்று சொல்லலாம். அந்த நகரத்தின் வயல்களில் உழைக்கப்போகும் அடிமைகள் அந்த 5040-க்குள் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மீதியில்லாத பங்கீடு பங்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

நம் பக்கத்தில் இந்த எண் இசை வழியாக வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், யாதவ மன்னர்கள் ஆண்ட தேவகிரியில் சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' எழுதினார். ஸ, ரி, க, ம, ப, த, நி ஆகிய ஏழு ஸ்வரங்களை, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் திரும்பச் சொல்லாமல் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று அவர் கணக்கிட்டது 5040. எண்ணிக்கையோடு அவர் நிறுத்தவில்லை. இத்தனையாவது வரிசை எது என்று கேட்டால் முழுப் பட்டியலையும் எழுதாமலே அதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு நஷ்டம் என்று பெயர். ஒரு வரிசையைக் கொடுத்து, இது பட்டியலில் எத்தனையாவது என்று சொல்லும் முறை உத்திஷ்டம். இரண்டையும் ஒரு சிறிய கட்டத்தை வைத்தே செய்துவிடலாம். கண்டமேரு என்பது அதன் பெயர். உங்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியர் இருந்தால் அவரோடு சேர்ந்து ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். முதலில் ஸ, ரி, க மூன்றுக்கும் ஆறு வரிசை. ம சேர்ந்தால் 24. ப சேர்ந்தால் 120. பிள்ளைகளே பாடிக் கண்டுபிடிப்பார்கள். இங்கிலாந்தில் தேவாலயக் கோபுரங்களில் ஏழு மணிகளைத் தொங்கவிட்டு, 5040 வரிசைகளையும் ஒன்று விடாமல் அடிக்கும் வழக்கமும் உண்டு. மூன்று மணி நேரம் போல ஆகும்.

இனி ராமானுஜன் 5040-ஐ நேராகச் சந்தித்த இடத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

தனக்கு முன்னுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை உயர் பகு எண் என்கிறோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 என்று அந்த வரிசை போகிறது. நாழிகைக்கும் வட்டத்துக்கும் மனிதர்கள் தேர்ந்தெடுத்த 24, 60, 360 எல்லாம் இதில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள். ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த மறு ஆண்டு, 1915-இல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி அறுபது பக்கங்களைத் தாண்டும் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். காரணிகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக உயர முடியும், அந்த உயர்வுக்கு எல்லை எது என்பதுதான் அதன் பொருள். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த வேலைக்காகத்தான். இங்கே எஃப்.ஏ. தேர்வைக்கூடத் தாண்ட முடியாமல் போனவர் பெற்ற முதல் பட்டம் காரணிகளை எண்ணியதற்குக் கிடைத்தது.

கட்டுரையின் தொடக்கக் கருத்து ஒன்றை ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். எண்ணைப் பெரிதாக்காமல் காரணிகளை மட்டும் பெருக்க வேண்டும் என்றால், கையிருப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் குடும்பத்தைப் போல நடந்துகொள்ள வேண்டும்: விலை குறைந்த 2-ஐ அதிகம் வாங்கு, 3-ஐ அதைவிடக் குறைவாக, 5-ஐயும் 7-ஐயும் ஒவ்வொன்றே. 5040-இல் அடுக்குகள் 4, 2, 1, 1 என்று இறங்கிக்கொண்டே வருவது இதனால்தான். 2-ஐ நான்கு முறையும் 3-ஐ இரண்டு முறையும் பெருக்கினால் 144. மாற்றி, 2-ஐ இரண்டு முறையும் 3-ஐ நான்கு முறையும் பெருக்கினால் 324. இரண்டுக்கும் 15 காரணிகள்தாம். அதே எண்ணிக்கைக்கு யார் 324-ஐத் தேர்ந்தெடுப்பார்கள்? இந்த எளிய மாற்றல் தந்திரத்தில் தொடங்கி ராமானுஜன் எட்டிய தூரம் மிகப் பெரியது.

அந்தக் கட்டுரையில் உயர் பகு எண்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. அது 67,46,32,83,88,800 வரை, அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி வரை போகிறது. எல்லாம் கையால் கணக்கிட்டது. அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. அந்த விடுபட்ட எண்ணை நானே காரணிப்படுத்திப் பார்த்தேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ராமானுஜன் தவறவிட்ட எண்ணுக்குச் சரியாக 5040 காரணிகள்! அதோடு முடியவில்லை. அந்த எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். அவருடைய அட்டவணையின் கடைசி எண் வரும். அதற்கு 10,080 காரணிகள். இதில் மர்மம் ஏதுமில்லை. உயர் பகு எண்ணுக்குக் காரணிகள் நிறைய இருப்பதைப் போலவே, அந்தக் காரணிகளின் எண்ணிக்கையும் 7, 5, 3, 2 போன்ற சிறு எண்களைப் பெருக்கித்தான் வருகிறது. ஆகவே அந்த எண்ணிக்கையும் எளிதில் வகுபடும் எண்ணாகவே அமையும். மர்மம் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பெருக்கலைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி குறையவில்லை.

1915-இல் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. கைப்பிரதி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் தாள்களோடு தாளாகக் கிடந்து, 1988-இல் ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்ற தொகுப்போடு வெளிவந்தது. ஜான்-லூயி நிக்கோலா, கீ ரோபான் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் அதை 1997-இல் விளக்கக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். அந்த இரண்டாம் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை காரணிகளை எண்ணினோம். இப்போது கூட்டிப் பார்ப்போம். 6-இன் காரணிகள் 1, 2, 3, 6. கூட்டினால் 12, எண்ணைப்போல இரண்டு மடங்கு. 5040-இன் அறுபது காரணிகளையும் கூட்டினால் 19,344. இதையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை: (1+2+4+8+16) × (1+3+9) × (1+5) × (1+7), அதாவது 31 × 13 × 6 × 8. இது 5040-ஐப்போல ஏறத்தாழ 3.838 மடங்கு. இந்த மடங்கு எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகலாம். ஆனால் மிக மிக மெதுவாகத்தான் பெரிதாகும். எவ்வளவு மெதுவாக என்பதை 1913-இல் குரோன்வால் கண்டுபிடித்தார். எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடி ஒரு முறை இயல் மடக்கை எடுத்து, 1.781-ஆல் பெருக்க வேண்டும். அந்த 1.781 ஆய்லரின் மாறிலியிலிருந்து, அதாவது 0.5772-இலிருந்து, வருவது. எண்கள் எல்லையின்றிப் பெரிதாகும்போது மடங்கின் உச்ச வேகம் இதுதான்.

அப்படியானால் இந்த அளவை மீறும் எண்கள் உண்டா? உண்டு. உங்களிடம் அறிவியல் கணக்குப்பொறி இருந்தால் 5040-க்குப் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் மடங்கை 5040-ஆல் பெருக்கினால் வரும் எல்லை ஏறத்தாழ 19,237. காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. 5040 அந்தக் கோட்டைச் சுமார் 107 தாண்டி நிற்கிறது. அதன் இருமடங்கான 10,080-ஐ, ஒரு வாரத்தில் உள்ள நிமிடங்களின் எண்ணிக்கையை, எடுங்கள். அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 39,312, எல்லை 39,877. கோட்டுக்குள் அடங்கிவிட்டது. 2 முதல் தொடங்கிப் பார்த்தால் கோட்டை மீறுவதாகத் தெரிந்த எண்கள் மொத்தம் 27. அவற்றில் ஆகப் பெரியது 5040.

அதே கீ ரோபான் 1984-இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். 5040-க்கு மேல் எந்த எண்ணும் அந்தக் கோட்டை மீறாது என்பதும் ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே. ஒன்றை நிறுவினால் மற்றது நிறுவப்பட்டதாகும். ஒன்று பொய்த்தால் மற்றதும் பொய். ரீமான் 1859-இல் எழுதிய கருதுகோள், பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதைப் பற்றியது. அதை அதன் சொந்த மொழியில் சொல்லக் கலப்பெண்கள் வேண்டும், ஸீட்டா சார்பு வேண்டும், கல்லூரிப் படிப்பு வேண்டும். ஹில்பர்ட் 1900-இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலில் அது எட்டாவது. 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு கேள்விகளில் அதுவும் ஒன்று. இன்றுவரை விடை இல்லை. அந்தக் கேள்வியை ரோபான் காரணிகளின் கூட்டுத்தொகையாக மாற்றி வைத்திருக்கிறார். 5040-க்கு மேல் கோட்டை மீறும் ஒரே ஒரு எண்ணை யாராவது கொண்டுவந்தால் போதும், ரீமான் கருதுகோள் அங்கேயே விழுந்துவிடும்.

ராமானுஜனின் அச்சேறாத பக்கங்களிலும் இதன் ஒரு பகுதி இருக்கிறது. ரீமான் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்கும் என்பது அவர் கண்ட முடிவிலிருந்தே வருகிறது. அந்தத் தாள்கள் 1915-இலேயே அச்சாகியிருந்தால் இந்தத் துறையின் வரலாறு எப்படி நகர்ந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

மீறும் எண் ஒன்று இருந்தால் அது எப்படி இருக்கும் என்பதைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். 2007-இல் நான்கு கணிதவியலாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில், 9-க்கு மேல் எந்த ஒற்றைப்படை எண்ணும் கோட்டை மீறாது என்று நிறுவினார்கள். 5040-க்கு மேல் மீறும் எண் ஏதாவது ஒரு பகா எண்ணின் ஐந்தாம் அடுக்காலாவது வகுபட்டாக வேண்டும் என்பதும் அதில் உண்டு. 5040-இலோ 2 நான்கு முறைதான் இருக்கிறது. ஜெஃப்ரி லகாரியாஸ் 2002-இல் இதே கேள்விக்கு விதிவிலக்கே இல்லாத இன்னொரு வடிவம் கொடுத்தார். எல்லா எண்ணுக்கும் பொருந்தும், அழகானது. இருந்தாலும் வகுப்பறைக்கு ரோபானின் வடிவம்தான் பொருத்தம் என்பேன். பிள்ளைகள் தங்கள் கையால் காரணிகளைப் பட்டியலிட்ட ஓர் எண்ணைக் கணிதத்தின் ஆகப் பெரிய கேள்வி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேறு எந்தக் கேள்வியும் ஆறாம் வகுப்புப் பாடநூலுக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதில்லை.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியை நான் அறிவேன். கற்றல் அடைவுப் பதிவுகள், தேர்வுகள், இடையில் வரும் பயிற்சி நாட்கள் எல்லாம் போக மிச்சம் இருக்கும் பாடவேளைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்றைக் கேட்பது பெரிய கேட்பு. ஆனால் காரணிகள், இணைக் காரணிகள், வகுபடும் தன்மை விதிகள், காரணிச் செடி என்று அந்தப் பாடத்தில் நடத்த வேண்டிய அனைத்தும் இந்த ஒரே எண்ணில் வந்துவிடுகின்றன. 12, 18, 24 என்று சின்னச் சின்ன எண்களாக ஐந்து கணக்குப் போட வைப்பதற்குப் பதிலாக இதை ஒன்றைப் போட வைக்கலாம். மெதுவாகக் கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு 2, 5, 10 என்ற எளிய காரணிகள் காத்திருக்கின்றன. வேகமாகப் போகிறவர்கள் 63-ஐயும் 56-ஐயும் தேடட்டும். ஒரே கணக்கில் வகுப்பு முழுக்க வேலை செய்யும்.

ரீமானையும் மடக்கையையும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அறுபது காரணிகளையும் கண்டுபிடித்து முடித்த பிறகு, இந்த எண்ணுக்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது, உலகத்தில் இன்னும் யாருக்கும் விடை தெரியாது, கும்பகோணத்தில் படித்த ஒருவர் அதற்குப் பக்கத்தில் வரை போயிருக்கிறார் என்று சொன்னால் போதும். யாராவது ஒரு பிள்ளை கை தூக்கி, என்ன சார் அந்தக் கேள்வி, என்ன மிஸ் அந்தக் கேள்வி என்று கேட்டால், கூட்டுத்தொகை பற்றிய கணக்கைச் சொல்லிப் பாருங்கள். புரிந்த அளவு புரியட்டும்.

வீட்டுப்பாடமாகக் கொடுக்க ஒன்று. 5040-க்கு அடுத்து, அறுபதைவிட அதிகக் காரணிகள் கொண்ட முதல் எண் எது? அது பத்தாயிரத்துக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். விடையை வேண்டுமென்றே இந்த மடலில் எழுதவில்லை. சில பிள்ளைகள் 5040-ஐ இரட்டித்து 10,080 என்று கொண்டுவருவார்கள். அதற்கு 72 காரணிகள், கணக்குச் சரிதான். பாராட்டிவிட்டு, அதற்கு முன்பே ஒன்று இருக்கிறது, 2-இன் அடுக்கைக் கொஞ்சம் குறைத்துப் பார் என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு கணித வாசகர்